தடுமாற வேண்டிய இடத்தில் தடுமாற விடுவது

மொழி ஆசிரியர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. பிள்ளை கொண்டுவந்த கட்டுரை அவனே எழுதியதா, மெஷின் எழுதியதா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டதை எழுதித்தரும் சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வெளியானதிலிருந்து இந்தக் கேள்வி எங்களை விடவே இல்லை. நான் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். வகுப்பில் தொழில்நுட்பத்தைப் பொறுப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, இந்தக் கண்டுபிடிக்கும் வேலையை விட்டுவிடுங்கள் என்பதுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பிள்ளைகளுக்கு நடக்கிற அநியாயம் பலருக்குத் தெரியவில்லை.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. மெஷின் எழுதிய உரைகளில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை மெஷின் எழுதியது என்றது. ஆங்கிலத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், மற்ற மொழிகளில் இதைவிட மோசமாக வேலை செய்யும் என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். அதே வருடம் ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். செய்தவர்களே கைவிட்ட வேலையை ஏதோ ஒரு இலவச இணையதளம் தமிழுக்குச் செய்துகொடுக்கும் என்று நம்பி ஒரு பிள்ளையை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது எப்படிச் சரியாகும்?

இன்னொன்றும் இருக்கிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கண்டறியும் கருவிகளை எடுத்துச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை மெஷின் எழுதியது என்று அந்தக் கருவிகள் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளில் இப்படித் தவறு கிட்டத்தட்ட வரவே இல்லை. காரணம் எளிமையானது. அடுத்த சொல் என்ன வரும் என்று சுலபமாக ஊகிக்க முடிந்தால் அந்தக் கருவி அதை மெஷின் எழுத்து என்கிறது. மொழியைப் புதிதாகக் கற்பவர்களிடம் சொற்கள் குறைவு, தெரிந்த சொல்லையே திரும்பத் திரும்பப் போடுவார்கள், வாக்கியம் பாதுகாப்பான வழியிலேயே போகும். அதனால் மாட்டிக்கொள்கிறார்கள். அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து நடையை மெருகேற்றிய பிறகு மறுபடி சோதித்தபோது, தவறாகக் குற்றம் சுமத்தப்பட்டவை 12 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. அதாவது, நேர்மையாக எழுதிய பிள்ளை மாட்டும், மெஷினிடம் கொடுத்து வாங்கியவன் தப்புவான்.

தமிழ் வகுப்புக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வார்ப்பில் ஊற்றியது மாதிரி எழுதினால்தான் மதிப்பெண் என்று வருடக்கணக்காகப் பழக்கியிருக்கிறோம். பழமொழியில் தொடங்கு, மேற்கோளில் முடி. இப்படிப் பழகிய பிள்ளையின் கட்டுரையில் அடுத்த வரி என்ன என்று எனக்கே கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். கருவி சொல்லாதா?

சரி, அப்புறம் நான் என்ன செய்கிறேன்? கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுகிறேன். விசாரணை கிடையாது. "இந்த இரண்டாவது பத்தியில் நீ சொல்ல வந்ததை எனக்கு வாயால் சொல்லு" என்பேன். அல்லது, "இந்த உதாரணம் நன்றாக இருக்கிறது, வேறு எதை எழுதலாம் என்று யோசித்து விட்டுவிட்டாய்?" என்று கேட்பேன். தானே எழுதிய பிள்ளைக்கு விட்டுவிட்டது ஒன்று கட்டாயம் இருக்கும். அதைச் சொல்லும்போது முகமே வேறு மாதிரி ஆகிவிடும். எழுதாத பிள்ளைக்கும் இந்தப் பேச்சில் லாபம் உண்டு, ஏனென்றால் பேசிக்கொண்டிருக்கும்போதே அதற்கு ஒரு கருத்து வந்துவிடுகிறது, "இதையே எழுதிக்கொண்டு வா" என்று அனுப்பிவிடலாம். எல்லோரிடமும் ஒவ்வொரு வாரமும் இப்படிப் பேச நேரம் கிடைக்காது, நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அது நடக்காது. அதனால் வாரத்துக்குச் சிலர் என்று சுற்று வைத்திருக்கிறேன். முதல் வரைவை வகுப்பிலேயே, பேனாவால், அடித்தல் திருத்தலோடு எழுத வைக்கிறேன். வீட்டில் அதைத் தட்டச்சு செய்து மெருகேற்றட்டும், அதில் எதைப் பயன்படுத்தினாலும் கீழே ஒரு வரியில் குறித்துவிட்டால் போதும். இதில் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, ஆனால் சந்தேகப் பார்வை வகுப்பிலிருந்து போய்விட்டது. மொழி வகுப்பில் அது இருந்தால் பிள்ளை வாயே திறக்காது.

இதையெல்லாம் யோசிக்க யோசிக்க எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். எந்தக் கருவியை வகுப்புக்குள் விட்டாலும், பிள்ளை எங்கே தடுமாற வேண்டுமோ அந்த இடத்தை அது எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவி நல்லதா கெட்டதா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. தடுமாறுகிற இடத்தில்தான் மொழி உள்ளே இறங்குகிறது. அந்த இடம் ஒவ்வொரு பாடத்திலும் வேறு, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் செயற்கை நுண்ணறிவில் இல்லை, சாதாரண விசைப்பலகையில் இருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் போனில் தமிழைத் தங்கிலீஷில்தான் தட்டுகிறார்கள். ரோமன் எழுத்தில் அடித்தால் போனே தமிழாக்கிக் கொடுக்கிறது. ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு எல் தட்டுகிறாள். மேலே மூன்று சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, லகரம், ளகரம், சில நேரம் ழகரம்கூட. அவள் முதலில் இருப்பதை அமுக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறாள். பார்க்கக்கூட இல்லை. முதலில் இருந்தது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. கையெழுத்தில் அதே பெண் லகர ளகரத்தை மாற்றி மாற்றி எழுதுவாள் என்பது எனக்குத் தெரியும். அவள் தட்டச்சு செய்த பக்கத்தில் பிழையே இல்லை, அதனால் அவளுக்குத் தெரியாதது எது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்து நான் சொல்லவே முடியாது. அவளுக்கும் தெரியாது. ரகர றகரமும் இதே கதைதான், ஒற்று மிகும் இடம் மிகாத இடமும் இதே கதைதான். முடிவெடுக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் போன் முந்திக்கொண்டு முடிவெடுத்துவிடுகிறது.

தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது இதற்காகத்தான். 1999இல் தரப்படுத்தப்பட்ட அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை, ர, றவுக்கும் அப்படியே, ந, ன, ணவுக்கும் அப்படியே. எந்த விசை என்று விரல் போவதற்கு முன் மனம் முடிவெடுத்தாக வேண்டும். தடுமாறுவார்கள், எரிச்சல்படுவார்கள், "டீச்சர், இது ரொம்ப ஸ்லோ" என்பார்கள். அந்த மெதுவில்தான் எனக்கு வேலை நடக்கிறது. அதே சமயம் இந்த விசைப்பலகை தேவையில்லாத சிரமத்தைக் கொடுப்பதில்லை. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளியைத் தானே வைத்துவிடும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த மாதிரி மெல்லினமும் வல்லினமும் சேர்ந்து வந்தாலும் அப்படியே. புள்ளி வைப்பதில் பிள்ளைக்குக் கற்க ஒன்றும் இல்லை, அதைக் கருவி செய்யட்டும். ளகரமா ழகரமா என்பதில் கற்க இருக்கிறது, அதைப் பிள்ளை செய்யட்டும். இதை வடிவமைத்தவர்கள் வகுப்பறையை மனதில் வைத்தார்களோ இல்லையோ, எனக்கு இது ரொம்பப் பிடித்த பங்கீடு. போனில் நண்பர்களுக்கு எப்படி வேண்டுமானாலும் தட்டிக்கொள்ளுங்கள், பாடத்துக்கு மட்டும் பரிந்துரைகளை அணைத்துவிட்டுத் தமிழ்99இல் தட்டுங்கள் என்பதுதான் ஏற்பாடு.

செயற்கை நுண்ணறிவையும் வகுப்புக்குள் விட்டிருக்கிறேன். யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், வகுப்பறையில் பிள்ளைகள் இதைச் சுயமாகப் பயன்படுத்த 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் சின்ன வகுப்புகளில் கிடையாது. பெரிய வகுப்புகளில் என் கணினியிலிருந்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி திரையில் போட்டு, சேர்ந்து செய்கிறோம். அதில் ஒரு பாடம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது.

யாப்பு நடத்த வேண்டிய வாரம். செய்யுளைச் சீர், அசை என்று பிரித்துப் பார்க்கும் அலகிடுதல் என்றாலே பிள்ளைகளுக்கு வேப்பங்காய். நேரசை, நிரையசை, தேமா, புளிமா என்று மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்த வாரம், ஒரு பொருளைச் சொல்லி அதைப் பற்றி ஒரு திருக்குறள் கொடு என்று மெஷினிடம் கேட்டோம். இரண்டு அடி, பழந்தமிழ் வாடை, குறள் எண், பொருள் விளக்கம் எல்லாம் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் நோட்டில் எழுதிக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்து அந்த எண்ணைப் பாருங்கள் என்றேன். அங்கே இருந்தது வேறு குறள். எண்ணைத்தான் தப்பாகச் சொல்லியிருக்கும், குறள் உண்மையாக இருக்கும் என்றான் ஒருவன். 1330ஐயும் தேடுவதற்கு முன் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து கரும்பலகையில் அந்த இரண்டு அடிகளையும் எழுதி அசை பிரிக்க ஆரம்பித்தாள். முதல் அடியில் நாலு சீர், இரண்டாவது அடியில் மூன்று சீர், அது சரியாக இருந்தது. மூன்றாவது சீரைப் பிரித்தவள் நின்றுவிட்டாள். நேர் நேர் நிரை என்று வந்திருந்தது. நிரையில் முடிகிற மூவசைச் சீர், அதாவது கனிச்சீர். குறள் வெண்பா வகை, வெண்பாவில் கனிச்சீர் வராதே! அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொருவன் கடைசிச் சீரைப் பிடித்துக்கொண்டான். நாள், மலர், காசு, பிறப்பு, இந்த நாலில் ஒரு வாய்பாட்டில் முடிய வேண்டும், முடியவில்லை. இது குறளே இல்லை டீச்சர், என்று வகுப்பே கத்தியது. மனப்பாடம் செய்து மறக்கிற பகுதி என்று நினைத்தது அன்று அவர்கள் கையில் உரைகல் ஆனது. அந்த மணி அடித்த பிறகும் இரண்டு பேர் பலகையை விட்டு நகரவில்லை.

ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்டார்கள். அதையும் சொல்ல வேண்டும், சும்மா "அது பொய் சொல்லும்" என்று விட்டுவிடக் கூடாது. இந்த மெஷின்களுக்குள் இருக்கும் மொழி மாதிரிகள் குறளைத் தேடி எடுத்துத் தருவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல, அடுத்து எது வரும் என்று ஊகித்து ஊகித்துக் கோக்கிறவை. நம்மைப் போல எழுத்தெழுத்தாகவும் வாசிப்பதில்லை, உரையைத் துண்டுகளாக வெட்டித்தான் உள்ளே எடுக்கின்றன. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் (சேமிப்பின் அலகு) போதும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். கற்ற உரையிலும் ஆங்கிலம் அளவுக்குத் தமிழ் இல்லை. அதனால் நம் சொற்கள் அங்கே அதிகத் துண்டுகளாக உடைகின்றன, அந்தத் துண்டுகளுக்கும் நம் அசைக்கும் சம்பந்தம் இல்லை. நேரும் நிரையும் அதற்குத் தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. நாளைக்கே இது திருந்தலாம், மாதிரிகள் வேகமாக மாறுகின்றன. ஆனால் சரிபார்க்கிற பழக்கம் பிள்ளையிடம் இருக்க வேண்டும், அதற்கு மூலம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய நூல்கள் தேடக்கூடிய உரையாகவே கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சொல் போட்டுத் தேடலாம். மெஷினைத் திறப்பதற்கு முன் இந்த மூன்றையும் காட்டிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். இவ்வளவு இருந்தும் பல பிள்ளைகளுக்கு இவற்றின் பெயரே தெரியாது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

குரல் பதிவு பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பில் எனக்கு இதுவரை அதிகம் உதவிய கருவி போனில் இருக்கும் சாதாரண ரெக்கார்டர். பிள்ளை ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்து, தானே கேட்டு, மறுபடி வாசிக்கும். நான் நூறு தடவை திருத்தினாலும் காதில் விழாத ழகரம், தன் குரலில் கேட்கும்போது விழுந்துவிடுகிறது. இந்த யோசனை புதிதும் இல்லை. 1957இல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோளை அனுப்பியதும் அமெரிக்கா அரண்டுபோய் 1958இல் ஒரு கல்விச் சட்டம் போட்டு மொழிக் கற்பித்தலுக்குப் பணத்தைக் கொட்டியது. பள்ளிகளில் டேப் ரெக்கார்டர்களும் ஹெட்போன்களுமாக மொழி ஆய்வுக்கூடங்கள் முளைத்தன. கிளிப்பிள்ளை மாதிரி திரும்பச் சொல்லும் பயிற்சிகள் சலித்துப்போய், மெஷின்களும் பழுதாகி, எழுபதுகளுக்குள் பல கூடங்கள் கவனிப்பாரற்றுப் போயின. கருவி வாங்கும் அவசரம், அதில் பிள்ளை என்ன செய்யப் போகிறது என்று யோசிப்பதில் இல்லாமல் போனதன் விளைவு அது. புதிதாக ஏதாவது பலகை, ஏதாவது செயலி வரும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஆனால் குரல் என்பது பிள்ளையின் சொந்தப் பொருள். எனக்குத் தெரிந்த ஒரு வகுப்பில், திக்கித் திக்கி வாசித்த ஒரு பையனின் பதிவை யாரோ வேறு வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையன் அதற்கப்புறம் வாய்விட்டு வாசிக்கவே இல்லை என்று அந்த ஆசிரியை சொன்னபோது எனக்கு நெஞ்சு பதறியது. அதனால் என் வகுப்பில் எந்தப் பதிவும் குழுவுக்குப் போகாது. மூன்று பேருக்கு ஒரு போன், பதிவு செய், கேள், சொல்ல வேண்டியதைச் சொல், அழித்துவிடு. போன் இல்லாத பிள்ளைகளுக்கும் இதனால் பிரச்சினை இல்லை. புதுச் செயலி எதையாவது நிறுவச் சொன்னால், அது மைக், இருப்பிடம், தொடர்பு எண்கள் என்று என்னென்ன கேட்கிறது என்று என் போனில் போட்டுப் பார்த்த பிறகே வகுப்புக்கு வரும். பெற்றோரிடம் கேட்காமல் எந்தப் பிள்ளைக்கும் கணக்குத் திறப்பதில்லை. கெடுபிடி என்று தோன்றலாம். கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 89 சதவீதம் பிள்ளைகளின் தரவு விஷயத்தில் அவர்களுடைய உரிமைகளை மீறியதாகவோ மீறும் அபாயத்தில் வைத்ததாகவோ அதில் இருக்கிறது. அரசு சொன்ன செயலிகளின் நிலையே இது.

என் சொந்த வேலைக்கு மெஷினைப் பயன்படுத்துகிறேனா என்றால், பயன்படுத்துகிறேன். ஒரே பத்தியை எளிய நடையில் இன்னொரு வடிவம் கேட்பேன், கோடிட்ட இடம் நிரப்பப் பயிற்சி கேட்பேன். வருவதை வரி வரியாகப் படித்துத் திருத்துவேன், குறிப்பாக வல்லினம் மிகும் இடங்களை. விடைத்தாளை மட்டும் அதனிடம் கொடுப்பதில்லை, பிள்ளைகளின் பெயரோ எழுத்தோ அதற்குள் போவதில்லை. மதிப்பெண் போடுவது எனக்கு வேலையில் பாதி, யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எனக்குத் தெரிவதே அதில்தான்.

கடைசியாக, நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். என் வகுப்பில் ஒரு பையனுக்கு எழுதுவது பெரிய பாடு. எழுத்துகள் இடம் மாறும், ஒரு பத்தி முடிப்பதற்குள் சோர்ந்துவிடுவான். பேசச் சொன்னால் கதை கொட்டும். அவனுக்கு மட்டும் குரல் தட்டச்சை அனுமதித்திருக்கிறேன், அவன் சொல்லச் சொல்லப் போன் எழுதுகிறது. மற்றவர்களுக்கு நான் அணைத்துவைத்த பரிந்துரைகளும் அவன் போனில் திறந்தே இருக்கின்றன. "அவனுக்கு மட்டும் ஏன் டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள், நியாயமான கேள்விதான். அவனிடம் கேட்டு, அவன் சரி சொன்ன பிறகு, வகுப்பில் வெளிப்படையாகவே பேசினோம். உனக்குத் தடுமாற்றம் எழுத்தில், அதில் நீ பழக வேண்டும், அவனுக்கு எழுத்தில் தடுமாறியே கதை வெளியே வராமல் போகிறது என்றேன். பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். கேட்டவள் மட்டும், அப்போ அவன் எழுதவே கற்க வேண்டாமா என்றாள். அதற்கு அவனே பதில் சொன்னான்: கதைக்குப் போன், தினமும் ஐந்து வரி மட்டும் பேனா. இப்போது அப்படித்தான் நடக்கிறது. அந்த ஐந்து வரிக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. அதைப் போட வேண்டுமா என்று இந்தப் பருவ முடிவில் அவனிடமே கேட்கப் போகிறேன்.